1787 அமெரிக்க அரசியலமைப்பில் உரிமைப் பட்டியல் ஏன் இல்லை? 1791-க்குப் பிறகு அது யாரைக் கட்டுப்படுத்தியது?

#1 கூடலூரான்

அமெரிக்காவில் தனிமனித உரிமைகள் என்றாலே எல்லோரும் 1791-இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்துத் திருத்தங்களில்தான் (இதுவே உரிமைப் பட்டியல்) பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் 1776 ஜூன் 12-லேயே வர்ஜீனியா தனி உரிமைப் பிரகடனம் நிறைவேற்றிவிட்டது. பதினொரு ஆண்டு கழித்து பிலடெல்ஃபியாவில் ஒன்றிய அரசியலமைப்பை எழுதக் கூடியவர்கள் ஏன் அதை விட்டார்கள்? மறதியா, வேண்டுமென்றேவா? அடுத்தது, 1791-க்குப் பிறகு ஒரு மாநிலமோ நகராட்சியோ ஒருவரின் உரிமையில் கை வைத்தால் இந்தப் பத்தும் அவருக்குக் கைகொடுத்தனவா? தேதி, வாக்கு, வழக்கு என்று குறிப்பாகச் சொன்னால் நல்லது.

#2 ஏட்டுச்சுவடி

மறதி இல்லை. 1787 செப்டம்பர் 12, மாநாடு முடிய ஐந்தே நாள். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, முகப்பில் ஓர் உரிமைப் பிரகடனம் இருந்தால் மக்கள் அச்சம் தணியும், மாநிலப் பிரகடனங்கள் கையில் இருக்கும்போது சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். 1776 பிரகடனத்தின் முதன்மை ஆசிரியரே அவர்தான். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி அதற்கென ஒரு குழு அமைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பத்து மாநிலங்கள் எதிர்ப்பு, ஆதரவு பூஜ்யம். வர்ஜீனியாவின் வாக்கே மேசனுக்கு எதிராக விழுந்தது.

கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் சொன்ன காரணம்: மாநிலப் பிரகடனங்களை இந்த அரசியலமைப்பு ரத்து செய்யவில்லை, அவையே போதும். மேசன் அங்கேயே பதில் கொடுத்தார்: ஒன்றியத்தின் சட்டம் மாநிலப் பிரகடனத்துக்கு மேலே நிற்கப்போகிறது, பிறகு அது எப்படிக் காக்கும்? கடைசியில் மேசனும் கெர்ரியும் வர்ஜீனியாவின் எட்மண்ட் ராண்டால்ஃபும் கையெழுத்துப் போடாமலே போனார்கள்.

ஆனால் மூல உரையில் உரிமையே இல்லை என்பதும் சரியல்ல. முதல் உறுப்பின் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். கிளர்ச்சியோ படையெடுப்போ வந்து பொதுப் பாதுகாப்பு கோரினால் ஒழிய ஆட்கொணர்வு ஆணையை நிறுத்தக் கூடாது. நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டுச் சட்டமன்றமே ஒருவரைப் பெயர் சொல்லித் தண்டிக்கக் கூடாது. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பின்னால் குற்றமாக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் 10-ஆம் பிரிவு மாநிலங்களுக்கும் விதித்தது. மூன்றாம் உறுப்பில் குற்ற வழக்குக்கு ஜூரி உண்டு; தேசத்துரோகத்துக்கு ஒரே செயலைக் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். ஆறாம் உறுப்பு, ஒன்றியப் பதவிக்கு மதச் சோதனை கூடாது என்றது.

#3 மறுப்புரை

ஷெர்மனைவிட அதிகம் பேசப்பட்ட வாதம் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சனுடையது. 1787 அக்டோபர் 6, பிலடெல்ஃபியா கூட்டம். மாநில அரசுகள் எல்லா அதிகாரமும் கொண்டவை, ஆகவே அங்கே விலக்கு எழுத வேண்டும். ஒன்றிய அரசுக்குக் கொடுத்ததைத் தவிர வேறு அதிகாரமே கிடையாது, பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொடுக்கப்படாதபோது பத்திரிகைச் சுதந்திரம் என்று எதற்கு எழுதுவது? எழுதினால், எழுதாததெல்லாம் அரசிடம் போய்விட்டதாக அர்த்தம் வரும். அடுத்த ஆண்டு ஹாமில்டனும், அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய ‘ஃபெடரலிஸ்ட்’ வரிசையின் 84-ஆம் கட்டுரையில் இதே வழியில்தான் போகிறார்.

கேட்க அழகான வாதம். நிற்காது. பட்டியல் போட்டால் ஆபத்து என்றால் 9-ஆம் பிரிவு என்ன? அதுவே ஒரு குட்டிப் பட்டியல்தானே? ஆட்கொணர்வை நிறுத்தும் அதிகாரத்தை எங்கே கொடுத்தீர்கள், இங்கே தடுக்கிறீர்களே என்று அரசியலமைப்பை எதிர்த்த தரப்பு கேட்டதற்கு அவர்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. மேலும் 8-ஆம் பிரிவின் கடைசியில் ‘தேவையான, பொருத்தமான’ சட்டம் எதையும் காங்கிரஸ் (ஒன்றிய நாடாளுமன்றம்) இயற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது. வரி வசூலிப்பது கொடுக்கப்பட்ட அதிகாரம். அதற்குத் தேவை என்று எந்த வீட்டையும் சோதிக்கும் பொது ஆணையை அனுமதித்தால்? செய்தித்தாளுக்கு முத்திரை வரி போட்டால்? 1765-இல் பிரிட்டன் போட்டதே அதைத்தான்.

#4 வடமராட்சி

மாநிலப் பிரகடனங்கள் போதும் என்ற ஷெர்மனின் பேச்சை நடைமுறையில் வைத்துப் பார்க்க வேணும். அவை பலவும் அறிவுரைத் தொனியில் எழுதப்பட்டவை. அதிகப் பிணைத்தொகை கேட்பது தகாது, பொதுத் தேடுதல் ஆணை வழங்குவது தகாது என்று வர்ஜீனியா சொல்லுது. மீறினால் என்ன ஆகும் என்று சொல்லேல்லை.

பென்சில்வேனியா 1776-இல் மக்களின் பேச்சுச் சுதந்திரத்தை எழுத்தில் வைத்த முதல் மாநிலம். அடுத்த ஆண்டே, பிரிட்டிஷ் படை நெருங்கிய நேரத்தில், சுமார் 20 பேரை, பெரும்பாலும் குவேக்கர்கள் (போரில் சேர மறுக்கும் கிறித்தவப் பிரிவினர்), விசாரணை இல்லாமல் பிடித்து வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடுகடத்தியது. தலைமை நீதியரசர் தாமஸ் மெக்கீன் ஆட்கொணர்வு ஆணை கொடுத்தார். உடனே மாநிலச் சட்டசபை அந்த ஆட்களுக்கு ஆணை செல்லாது என்று ஒரு சட்டம் போட்டது. விசயம் முடிந்தது.

வர்ஜீனியாவில் 1778-இல் ஜோசையா ஃபிலிப்ஸ் என்ற கொள்ளைக்காரன். குறித்த நாளுக்குள் சரணடையாவிட்டால் தேசத்துரோகி, யாரும் கொல்லலாம் என்று சட்டசபை சட்டம் இயற்றியது. வரைந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். சகமனிதரின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்ற பிரகடனம் வந்து இரண்டு வருசம்தான். ஃபிலிப்ஸ் பிடிபட்ட பிறகு அந்தச் சட்டத்தை ஓரமாக வைத்து, தொப்பிகளும் நூலும் திருடிய கொள்ளை வழக்கில் யூரி முன் நிறுத்தித்தான் தூக்கிலிட்டார்கள். பத்து வருசம் கழித்து புதிய அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய வர்ஜீனியா ஒப்புதல் மாநாட்டில் ராண்டால்ஃப் இதை விசாரணையே இல்லாத மரணம் போலப் பேசினார். அந்தக் கொள்ளை வழக்கை அரச தரப்பில் நடத்திய சட்டத்தரணி அவரேதான்!

#5 நாவற்பழம்

மாநிலப் பிரகடனம் எல்லாமே வெறும் காகிதம் என்று முடித்துவிடக் கூடாது. நீதிமன்றம் கையில் எடுத்த இடங்களில் வேலை செய்தது.

மாசசூசெட்ஸ் 1780 அரசியலமைப்பின் முதல் பிரிவு, மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர் என்கிறது. 1781-இல் பெட் என்ற அடிமைப் பெண் கிரேட் பேரிங்டனில் அந்த வரியை வைத்தே வழக்குத் தொடுத்தார். ஜூரி அவரை விடுவித்து 30 ஷில்லிங் நஷ்டஈடும் கொடுத்தது. எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1783-இல், அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவாக் வாக்கர் தொடர்பான குற்ற வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமைமுறை இந்த அரசியலமைப்போடு ஒத்துப்போகாது என்று ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம். தனியாக ஒழிப்புச் சட்டம் எதுவும் போடப்படவில்லை.

இன்னொன்று வட கரோலினாவின் பேயார்ட் எதிர் சிங்கிள்டன், 1787. பறிமுதல் செய்த நிலத்தை அரசிடம் வாங்கியவர் மீது யாராவது வழக்குப் போட்டால், வாங்கியவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்ததுமே வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று 1785-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. சொத்து வழக்கில் ஜூரி உரிமையை மாநில அரசியலமைப்பு கொடுத்திருப்பதால் அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். திருமதி பேயார்டுக்கு ஜூரி கிடைத்தது. அந்த ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, அது வேறு கதை. அவர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஐரடெல். மறு ஆண்டு வட கரோலினாவின் ஹில்ஸ்பரோ ஒப்புதல் மாநாட்டில் ஒன்றிய உரிமைப் பட்டியல் வேண்டாம், அது கண்ணி என்று வாதாடியவரும் இதே ஐரடெல்தான்; வேண்டும் என்று நின்றவர் அந்த வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் ஸ்பென்சர்.

#6 கூடலூரான்

அப்படியானால், உரிமைப் பட்டியலை முதலில் பெரிதாக எண்ணாத வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன், 1789-இல் அதைத் தானே காங்கிரஸில் முன்மொழியும் அளவுக்கு எப்படி மாறினார்? 1788 அக்டோபர் 17 அன்று ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் இவற்றை ‘காகிதத் தடுப்புகள்’ என்ற தொனியில்தானே பேசுகிறார்?

#7 ஏட்டுச்சுவடி

தத்துவம் பாதி, வாக்குக் கணக்கு பாதி. கணக்கை முதலில் பார்ப்போம்.

மாசசூசெட்ஸ் ஒப்புதல், 1788 பிப்ரவரி 6: 187–168. பத்துப் பேர் பக்கம் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும். கவிழாமல் காத்தது ஓர் ஏற்பாடு: நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்வது, கூடவே ஒன்பது திருத்தங்களைப் பரிந்துரைப்பது. (அந்த ஒன்பதில் பேச்சும் இல்லை, மதமும் இல்லை. ஜூரி பற்றி இரண்டு உண்டு. மிச்சம் பெரும்பாலும் வரி, தேர்தல், அதிகார எல்லை.) இந்த வழியைப் பிறகு வந்த மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. வர்ஜீனியா ஜூன் 25, 89–79. நியூயார்க் ஜூலை 26, 30–27. வட கரோலினா ஒப்புதல் தராமலே கலைந்தது. நியூயார்க் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை விட்டு இரண்டாவது மாநாடு கேட்டது. மேடிசனுக்குத் தூக்கம் கெட்டது இங்கேதான். இன்னொரு மாநாடு கூடினால் வரி விதிக்கும் அதிகாரத்தையே பிடுங்கிவிடுவார்கள்.

அடுத்து அவரது சொந்தத் தொகுதி. வர்ஜீனியாவில் அரசியலமைப்பை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியின் ஆட்கள் அவரைச் செனட்டுக்குப் போகவிடவில்லை. பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் எதிரே நின்றவர் ஜேம்ஸ் மன்றோ. தொகுதியில் பாப்டிஸ்ட் கிறித்தவப் பிரிவினர் கணிசம். புரட்சிக்கு முன்பு அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக அவர்களின் போதகர்கள் வர்ஜீனியாவில் சிறை போயிருக்கிறார்கள். 1789 ஜனவரி 2-இல் போதகர் ஜார்ஜ் ஈவுக்குக் கடிதம் எழுதி, மனச்சாட்சி உரிமைக்குத் திருத்தம் கொண்டுவர முயல்வேன் என்று உறுதி கொடுத்தார் மேடிசன். முடிவு 1,308–972.

மே 4 அன்று, திருத்தங்கள் கொண்டுவரப் போகிறேன் என்று சபையில் அறிவித்தார். மறுநாளே இரண்டாவது மாநாடு கோரும் வர்ஜீனியாவின் விண்ணப்பம் சபைக்கு வந்தது. அந்த ஒரு நாள் முந்தல் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஜூன் 8-இல் முன்மொழிந்தார். சுங்க வரிச் சட்டம் காத்திருக்கும்போது இதற்கு என்ன அவசரம் என்று முணுமுணுத்தார்கள். ஜூலை 21-இல் மாநிலத்துக்கு ஒருவராகப் பதினொரு பேர் குழு, ஆகஸ்ட் 13 முதல் விவாதம், ஆகஸ்ட் 24-இல் 17 திருத்தங்கள் சபையில் நிறைவேற்றம், செப்டம்பரில் செனட் அதை 12 ஆகச் சுருக்கியது, செப்டம்பர் 25-இல் முடிந்தது. செனட் அப்போது கதவைச் சாத்திக்கொண்டு கூடியதால் அங்கே யார் என்ன பேசினார் என்பதற்கு விவாதப் பதிவு கிடையாது.

தத்துவப் பாதி: ஜெஃபர்சன் 1789 மார்ச் 15 கடிதத்தில், உரிமைப் பட்டியல் நீதித்துறையின் கையில் ஒரு சட்டத் தடையைக் கொடுக்கிறது என்று எழுதினார். ஜூன் 8 உரையில் மேடிசன் அதையே தன் வாதமாக்கிக்கொண்டார். மறுப்புரை சொன்ன வரி வசூல், பொதுச் சோதனை ஆணை உதாரணமும் அந்த உரையில் இருக்கிறது. ‘எழுதாதது போய்விடும்’ என்ற வில்சனின் பயத்துக்கு மருந்துதான் ஒன்பதாம் திருத்தம்: பட்டியலில் சில உரிமைகளைச் சொன்னதால் மற்றவை மறுக்கப்பட்டதாக ஆகாது.

#8 மறுப்புரை

மேடிசன் எதை விட்டார் என்பதையும் சொல்லுங்கள். மாநிலங்கள் கேட்டதில் முக்கியமானது நேரடி வரிக்கு வரம்பு. அதைத் தொடவே இல்லை. ஒன்றியத்திடம் ஒப்படைக்கப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்பது பத்தாம் திருத்தம்; அதில் ‘வெளிப்படையாக’ ஒப்படைக்கப்படாத அதிகாரம் என்று எழுதச் சொல்லி உறுப்பினர்கள் டக்கரும் கெர்ரியும் முயன்றார்கள், சபை மறுத்தது. அந்த ஒரு சொல் உள்ளே வந்திருந்தால் ‘தேவையான, பொருத்தமான’ வரி செத்திருக்கும். எதிர்த்தரப்பு கேட்டது அதிகாரக் குறைப்பு. கிடைத்தது உரிமைப் பட்டியல்.

ஆகஸ்ட் 15 விவாதத்தில் ஒரு வேடிக்கை. கூட்டம் கூடும் உரிமையைத் தனியாக எழுதுவது வீண், விரும்பியபோது தொப்பி போடும் உரிமை, படுக்கப் போகும் உரிமை என்றும் எழுதுவீர்களோ என்று தியடோர் செட்ஜ்விக் கிண்டலடித்தார். தொப்பியைக் கழற்றாததற்கே தண்டனை அனுபவித்தவர்கள் உண்டு என்று வர்ஜீனியாவின் ஜான் பேஜ் திருப்பிக் கொடுத்தார். குவேக்கரான வில்லியம் பென் கதை அது. இந்தச் செட்ஜ்விக்தான் நாவற்பழம் சொன்ன பெட் வழக்கின் வழக்கறிஞர்.

#9 வடமராட்சி

எண் வரிசையில் பலர் மயங்குவினம். மேடிசனின் திட்டம் பின்னிணைப்பு அல்ல. ஒவ்வொன்றையும் மூல உரைக்குள்ளேயே உரிய இடத்தில் செருகுவது. ஆகஸ்ட் 19 அன்று ஷெர்மனின் பிடிவாதம் வென்று, எல்லாம் கடைசியில் தனியாகச் சேர்ந்தன. பட்டியல் வேண்டாம் என்று 1787-இல் சொன்னவரே அது பட்டியலாகத் தெரியக் காரணமானார்.

மாநிலங்களுக்கு அனுப்பியது 12. முதலாவது பிரதிநிதிகள் எண்ணிக்கை, இரண்டாவது உறுப்பினர் சம்பளம். இரண்டும் தேறேல்லை, அதனால் மதம், பேச்சு, பத்திரிகை பற்றிய மூன்றாவது முதலாம் திருத்தம் ஆனது. முதலில் வைத்ததால் அதுவே தலையாயது என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க. சம்பளத் திருத்தம் 1992-இல் 27-ஆவது திருத்தமாக உயிர் பெற்றது. 1791 மார்ச்சில் வெர்மான்ட் சேர்ந்ததால் மாநிலங்கள் 14, நாலில் மூன்று பங்கு என்றால் 11. டிசம்பர் 15-இல் வர்ஜீனியா பதினொன்றாவதாக வந்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஜார்ஜியா மூன்றும் 1939 வரை ஒப்புதல் கொடுக்கவே இல்லை. சட்டப்படி அதனால் ஒரு குறையும் இல்லை.

#10 நாவற்பழம்

நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காம் திருத்தம் அன்று எப்படி வேலை செய்தது என்பது முக்கியம், இன்றைய வழக்குகளை வைத்துப் படித்தால் தப்பாகப் புரியும். சட்டவிரோதச் சோதனையில் எடுத்த சாட்சியத்தை ஒன்றிய நீதிமன்றம் ஏற்காது என்ற விதி 1914-இல்தான் வந்தது. 1791-இல் பரிகாரம் வேறு: வீட்டுக்குள் புகுந்த அதிகாரி மீது அத்துமீறல் வழக்கு, ஜூரி முன் நஷ்டஈடு. செல்லுபடியான ஆணை இருந்தால் அதிகாரி தப்பிப்பார். அதாவது ஆணை அன்று அதிகாரியின் கவசம். அதனால்தான் திருத்தத்தின் பாதி, ஆணை எப்படி இருக்க வேண்டும் என்பதிலேயே போகிறது: நியாயமான காரணம், சத்தியப் பிரமாணம், இடம், ஆள், பொருள் குறிப்பாக. இந்த அச்சத்துக்கு வேர் 1761 பாஸ்டன். இரண்டாம் ஜார்ஜ் 1760-இல் இறந்ததும் அவர் பெயரிலான சுங்கச் சோதனை ஆணைகள் ஆறு மாதத்தில் காலாவதியாக இருந்தன. புதுப்பிக்கக் கூடாது என்று ஜேம்ஸ் ஓடிஸ் வாதாடினார். தோற்றார்.

#11 மறுப்புரை

முதல் பெரிய சோதனையில் பட்டியல் தோற்றது. 1798 ஜூலை 14, அரசநிந்தைச் சட்டம். அரசையோ, காங்கிரஸின் எந்த அவையையோ, ஜனாதிபதியையோ பற்றிப் பொய்யும் கெட்ட எண்ணமுமாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. துணை ஜனாதிபதி இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவர் எதிர்க்கட்சியின் ஜெஃபர்சன். காலாவதி நாள் 1801 மார்ச் 3, அடுத்த ஜனாதிபதி பதவியேற்கும் முந்தின நாள். எவ்வளவு கவனமாகத் தைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

காகிதத்தில் பழைய இங்கிலாந்துச் சட்டத்தைவிட இது இளகியது; உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம், முடிவு ஜூரியுடையது. நடைமுறையில் கருத்துக்கு எப்படி உண்மை நிரூபிப்பது? வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்பது உங்கள் வேலை இல்லை என்று நீதிபதி வில்லியம் பேட்டர்சன் ஜூரியிடம் சொல்லிவிட்டார். லயன் சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தொடவே இல்லை. அதை முடித்தது 1800 தேர்தல்தான். அபராதத்தை லயனின் வாரிசுகளுக்குக் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது 1840-இல்.

#12 ஏட்டுச்சுவடி

கூடலூரானின் இரண்டாம் கேள்விக்கு நேர் பதில்: இல்லை. மாநிலம் கை வைத்தால் பத்துத் திருத்தமும் உதவவில்லை.

மேடிசன் உதவச் செய்யப் பார்த்தார். மனச்சாட்சி, பத்திரிகை, குற்ற வழக்கில் ஜூரி ஆகிய மூன்றையும் எந்த மாநிலமும் மீறக் கூடாது என்று ஒரு திருத்தம். மொத்தப் பட்டியலில் இதுவே மதிப்புமிக்கது என்றார். சபை ஏற்றது, செனட் வெட்டியது. செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பலன் பாரன் எதிர் பால்டிமோர், 1833. ஆழமான தண்ணீரில் கப்பல் வந்து நிற்கும் துறை பாரனுடையது. நகராட்சி தெரு போடும்போது ஓடைகளைத் திருப்பியது, மண் வந்து படிந்து கப்பல் வர முடியாமல் போனது. கவுண்டி நீதிமன்றம் 4,500 டாலர் கொடுத்தது, மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஈடு கொடுக்காமல் சொத்தை எடுக்கக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தத்தோடு உச்ச நீதிமன்றம் போனார். அது ஒன்றிய அரசுக்கு மட்டுமே, எங்களுக்கு அதிகார வரம்பே இல்லை என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். மாநிலத்தைக் கட்ட நினைத்த இடத்தில் முதல் உறுப்பின் 10-ஆம் பிரிவில் மாநிலம் என்றே எழுதியிருக்கிறார்களே என்பது வாதத்தின் முதுகெலும்பு. நியூ ஆர்லியன்ஸில், அனுமதித்த தேவாலயத்தில் அல்லாமல் வேறொன்றில் இறுதிச் சடங்கு நடத்தியதற்காகப் பெர்மோலி என்ற பாதிரியாருக்கு 50 டாலர் அபராதம். மத உரிமை மாநில விவகாரம் என்று 1845-இல் அவரையும் திருப்பி அனுப்பினார்கள்.

மதத்தில் இது இரட்டை முனை. கனெக்டிகட்டில் 1818 வரையும் மாசசூசெட்ஸில் 1833 வரையும் தேவாலயத்துக்கு மக்கள் வரி கட்டினார்கள். முதலாம் திருத்தம் அதைத் தடுக்கவில்லை. காங்கிரஸ் அதில் தலையிடுவதைத்தான் தடுத்தது.

#13 வடமராட்சி

அடிமைகளைச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது. வர்ஜீனியாப் பிரகடனத்தில் எல்லா மனிதருக்கும் பிறப்புரிமை என்றதும் ஆட்சேபம் வந்தது. ‘சமூக நிலைக்குள் நுழையும்போது’ என்று ஒரு சொற்றொடரைச் செருகினார்கள். அடிமைகள் அந்தச் சமூகத்துக்குள் நுழைந்தவர்கள் அல்ல என்பது தப்பிக்கும் வாசல். 1793 தப்பியோடிய அடிமைச் சட்டத்தில் ஐந்தாம் திருத்தம் கேட்கும் உரிய சட்ட நடைமுறையும் இல்லை, யூரியும் இல்லை: பிடித்தவர் ஒரு நீதவான் முன் வாய்மொழியாகவோ சத்தியக் கடதாசியாலோ உரிமை காட்டினால் கொண்டுபோகச் சான்றிதழ். தடுத்தவருக்கு 500 டாலர். இது ஒன்றியச் சட்டம், அதாவது திருத்தங்கள் கட்டுப்படுத்த வேண்டிய அதே அரசு. விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை ட்ரெட் ஸ்காட்டின் 1857 தீர்ப்பில் ஐந்தாம் திருத்தம் வந்தது, எசமானின் சொத்தைக் காக்க.

#14 கூடலூரான்

மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் 14-ஆம் திருத்தம் வந்த 1868-க்கு முந்திய ஒரு வழக்கைக் கையில் எடுத்தால், எதை எங்கே தேடுவது? வரிசை சொல்ல முடியுமா?

#15 நாவற்பழம்

முதலில் மீறியது யார் என்று பாருங்கள். ஒன்றிய அதிகாரி அல்லது காங்கிரஸ் சட்டம் என்றால் 9-ஆம் பிரிவும், 1791 டிசம்பர் 15-க்குப் பிந்தியது என்றால் பத்துத் திருத்தமும்.

மாநிலம், கவுண்டி, நகராட்சி என்றால் பத்தையும் மூடி வைத்துவிட்டு அந்த மாநில அரசியலமைப்பின் அந்த ஆண்டுப் பதிப்பை எடுங்கள். எல்லா மாநிலத்திலும் தனிப் பிரகடனம் இருந்ததாக எண்ண வேண்டாம். நியூ ஜெர்சி, நியூயார்க், தெற்கு கரோலினா, ஜார்ஜியாவின் முதல் அரசியலமைப்புகளில் தனிப் பட்டியல் இல்லை, உரிமைகள் உள்ளே அங்கங்கே சிதறிக் கிடக்கும். கனெக்டிகட் 1818 வரையும் ரோட் ஐலண்ட் 1840-கள் வரையும் பழைய அரச சாசனத்திலேயே ஓட்டின.

மாநிலத்துக்கு எதிராக ஒன்றிய அரசியலமைப்பில் இருந்த முக்கியமான ஆயுதம் 10-ஆம் பிரிவு. ஒப்பந்தக் கடமையைக் கெடுக்கக் கூடாது என்ற வரியை வைத்துத்தான் 1810 ஃபிளெச்சர் வழக்கும் 1819 டார்ட்மவுத் கல்லூரி வழக்கும் ஜெயித்தன. பின்னோக்கித் தண்டிக்கும் சட்டத் தடையை உரிமையியல் வழக்கில் தேடாதீர்கள். 1798 கால்டர் எதிர் புல் தீர்ப்பு அதைக் குற்ற வழக்குக்குள் அடைத்துவிட்டது, அங்கே தகராறு ஓர் உயில் பற்றியது. உச்ச நீதிமன்றம் வரை போன மாநில வழக்கு என்றால் 1789 நீதித்துறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும்: மாநிலத்தின் கடைசி நீதிமன்றம் ஒன்றிய உரிமைக் கோரிக்கையை மறுத்திருந்தால்தான் மேல்முறையீடு. கோரிக்கையை ஏற்றிருந்தால் அந்தக் கதவு 1914 வரை மூடியே இருந்தது.